விரல் விழுந்த படங்கள்

கலியாணசுந்தரத்தின் போனில் ஆயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. அத்தனையும் தறியில் கிடக்கும் பட்டுப் புடவை. வேறு யார் பார்த்தாலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. அவருக்குத் தெரியும்.

புடவைக் கடை மேனேஜர் கோதண்டபாணி வைத்த வழக்கம் அது. தினமும் சாயங்காலம் அன்றைக்கு நெய்த பாகத்தின் மேல் இன்ச் டேப்பை வைத்து, அளவு தெரியப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். டேப்பைப் பிடிப்பது மனைவி காவேரி. அவள் முகத்துக்கு நேராகப் போனை நீட்டினால் போதும், முந்தானையால் மூடிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிடுவாள். கையைப் பற்றி மட்டும் அவளுக்குக் கவலையே கிடையாது. அதனால் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அவள் கை வந்து உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் மஞ்சள் பூசிய விரல். வடை சுட்ட நாளில் கட்டைவிரலில் ஒரு கொப்புளம். கடைசி நான்கு மாதம், ஊசி ஏற்றிய இடத்தில் பிளாஸ்திரி.

அவள் போய் ஏழு மாதமாகிறது. இப்போதெல்லாம் டேப் நகராமல் இருக்க அதன் மேல் ஒரு பூட்டைப் பாரமாக வைத்துப் படம் எடுக்கிறார். விளக்கு வைத்ததும் போனைக் கையில் எடுத்து, பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மகள் புவனேஸ்வரிக்கு இது தெரியாது. அப்பா புடவை பார்க்கிறார் என்றே நினைத்திருந்தாள். தறிக்காரர் வேறு எதைப் பார்ப்பார் என்று அவளுக்கு நினைப்பு!

அவள் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனிக்காக, போனில் குவியும் படங்களைச் சுலபமாகப் பிரித்துச் சுத்தம் செய்யும் ஆப் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். ஒரே மாதிரிப் படங்களில் நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை அது அழித்துவிடும். ஓரத்தில் விரல் விழுந்த படம் என்றால் முதல் குப்பையே அதுதான். அந்த விதியை எழுதியவள் அவளே. 'அழிக்கவா?' என்று கேட்பதையும், அழித்ததை முப்பது நாள் வைத்திருப்பதையும் அவளே எடுத்துவிட்டாள். நான்கு தடவை தட்ட வேண்டியது ஒரு தட்டில் முடிந்தது என்று ஆபீஸில் கைதட்டினார்கள்.

லீவுக்கு ஊருக்கு வந்திருந்தவளிடம் அன்று காலையில் அப்பா போனை நீட்டினார். "எடமில்லன்னு சொல்லுதும்மா. நேத்தே மக்கர் பண்ணுச்சு."

"குடுப்பா. என் ஆப்பைப் போட்டுத் தர்றேன்."

"முக்கியமானது எதுனா பூடப் போவுது."

"எல்லாம் பொடவைதானப்பா? எது வேணும்னு அதுக்கே தெரியும்."

காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கோதண்டபாணியைக் கூப்பிட்டு, "எம் பொண்ணு பண்ணது சார், உங்களுக்கும் அனுப்பச் சொல்றேன்" என்றார். அவளும் அனுப்பி வைத்தாள்.

விளக்கு வைத்த பிறகு அப்பா போனைத் தள்ளினார். மறுபடி தள்ளினார்.

"புவனா, அம்மா கை எங்கம்மா?"

அவளுக்குப் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லவே போனை வாங்கிக்கொண்டாள். வாட்ஸ்அப் உட்பட மூலை முடுக்கெல்லாம் தேடினாள். காப்பி எடுத்து வைக்கும் வசதியை அவர் போட்டதே இல்லை. பூட்டு வைத்த படங்கள் மட்டும், புடவைக்கு ஒன்றாகப் பதினான்கு இருந்தன.

எல்லாப் படமும் கோதண்டபாணிக்கும் போயிருக்கிறதே! ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தாள்.

"வாம்மா!" என்று அவர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "நீ அனுப்பினத மத்தியானமே போட்டுட்டேன். ஒரே தட்டு! போன் எவ்ளோ லேசாயிடுச்சு தெரியுமா?"

அவர் காட்டிய போனிலும் அதே பதினான்கு பூட்டுகள். புடவை எடுக்க வந்த பெண்களுக்கு நடுவே நின்று அவள் விம்மி விம்மி அழுதாள். பாவம், அந்த மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார். அன்றைய படம் இன்னும் அனுப்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை.

"அழுவாதம்மா. அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். டேப்பைப் புடவை மேல் நீட்டி வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு பண்ணு. வெரல் தெரிஞ்சா, அழிக்கறதுக்கு முன்னாடி யாரு வெரலுன்னு ஒரு வார்த்தை கேக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடந்த பூட்டை எடுத்து டேப்பின் மேல் வைத்தார்.