வீக்க மருந்து

அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் கம்சிங். அவர் மனைவி தோங்யுன். டாக்டர் பியாதா. கதவோரம் தள்ளுவண்டியோடு நான், இரவு வேலை ஒத்துவராமல் பகலுக்கு மாறிய வார்டு பணியாள். கம்சிங்கின் வயிற்று நீரில் எந்த மருந்துக்கும் எளிதில் மசியாத ஒரு கிருமி. அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

வெளியே, தாய்லாந்தின் மூன் ஆற்றின்மேல் மழை. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த நீரின் நிழல் சுவரிலும் போர்வையிலும் அசைந்தது. அறை மிதப்பதுபோல இருந்தது எனக்கு. கம்சிங்குக்கோ நிஜமாகவே மிதந்தது. அரிசிச் சாராயம் அவர் கல்லீரலைச் சுருக்கிக் கட்டியாக்கிவிட்டது. அது வடிகட்டாமல் விட்ட கழிவு தலைக்கேறியிருந்தது. வயிறு பானையாக உப்பியிருந்தது.

"தம்பி, படகை ஒதுக்கு. வலையில சிக்கிக்கும்" என்றார் என்னிடம்.

"ஒதுக்கிட்டேன் பெரியப்பா." இவர்களோடு வாதாடுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

டாக்டர் தோங்யுன் பக்கம் திரும்பினார். "இந்தக் கிருமிக்குக் கேக்குற ஊசி மருந்து ஒண்ணுதாம்மா மிச்சம். அது கிட்னியைக் கெடுக்கும்னு முதல்லயே சொன்னேன். இன்னைக்கு ரத்தத்துல கிட்னி ரொம்ப மோசம். இதுக்கு மேல ஏத்த முடியாது."

"நிறுத்தினா?"

டாக்டர் கட்டிலைப் பார்த்தார். தோங்யுனுக்கும் அது புரிந்தது.

"மறுபடியும் கேக்குறேன். வெளியிலருந்து ஏதாவது கிருமி மருந்து, வலி மாத்திரை கொடுத்தீங்களா?"

"அன்னைக்கே இல்லன்னேனே. நீங்க வேணாம்னதை நான் ஏன் கொடுக்கப்போறேன்?"

கம்சிங் கண்ணைத் திறக்காமல் சிரித்தார். "இந்த ஆத்துல மீனு நல்லா இருக்கு. சிவப்பும் கறுப்புமா, குட்டிக் குட்டியா. இவதான் வாயில விடுறா. கடிக்காம முழுங்குன்னு அதட்டல் வேற."

"ஒரு கெண்டை பிடிக்கத் துப்பில்லாத கிழவன். கனவுலதான் அள்ளுறாரு" என்றாள் தோங்யுன்.

நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"அம்மா, அந்த மீனைக் கொஞ்சம் காட்டுங்க."

தோங்யுன் மூங்கில் சோற்றுக்கூடையைத் திறந்து, ஒட்டரிசிச் சோற்றுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். சிவப்பும் கறுப்புமான கேப்சூல்கள். கூடவே வெள்ளை மாத்திரைகள். எனக்குத் தெரிந்த பொட்டலம்தான். எங்கள் ஊர்க் கடையில் மீன்சாஸ் புட்டிக்குப் பக்கத்தில் தொங்கும். நடவு முடிந்து இடுப்பு வலித்தாலும் பல் வலித்தாலும் என் வீட்டிலும் அதைத்தான் விழுங்குவோம். யாரும் அதைக் கிருமி மருந்து என்று சொல்வதில்லை.

"இது வீக்க மருந்து டாக்டர்" என்றாள் தோங்யுன். " வயிறு வீங்கிக் கெடக்குல்ல? நீங்க கேட்டது வேற மருந்து."

டாக்டர் ஒரு கேப்சூலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதாம்மா கிருமி மருந்து. தொட்டதுக்கெல்லாம் தின்னுதான் கிருமிக்குப் பழகிப்போச்சு. வெள்ளை, வலி மாத்திரை. கல்லீரல் போனவங்களுக்கு இது கிட்னியைத் தின்னுடும்."

"அப்ப கிட்னி போனது ஊசியால இல்லையா?"

"இதாலயும் இருக்கலாம். இதை நிறுத்திட்டு, ஊசியை அளவு மாத்திப் போட்டுப் பாக்குறேன். பிழைப்பாருன்னு சொல்லமாட்டேன். ஒரு வழி இருக்கு, அவ்வளவுதான். ஆனா நீங்க இங்க இருக்கக்கூடாது."

"நான் தொடவே மாட்டேன். மூலையில உக்காந்துக்கிறேன்."

"அவர் முனகினா உங்க கை சும்மா இருக்காதும்மா."

தோங்யுன் தன் கையைப் பார்த்தாள். கூடையைக் கட்டிலடியில் வைக்கப் போனவள், அதையும் தூக்கிக்கொண்டாள். கிழவரின் கால்விரலை ஒருமுறை பிடித்து விட்டாள்.

"இவ எங்க போறா?" என்றார் கம்சிங்.

"கரைக்குப் பெரியப்பா."

"போகட்டும். அவளுக்கு நீச்சல் தெரியாது."

அவள் வெளி வராந்தாவில் கால் வைத்ததும் நான் கதவைச் சாத்தி உள்ளே பூட்டினேன்.