ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்தது போக

1
இந்தக் கதை என் மனதில் தானாக ஊற்றெடுத்தது என்று சொன்னால் அது பச்சைப் பொய். பதுளையில் ஒரு நிறுவனம் மலர் வெளியிடுகிறது. உடற்பருமனால் சமூகத்துக்கு ஏற்படும் பொருளாதார நட்டம் பற்றிக் கதை கேட்டார்கள். "சிரிப்பா இருக்கட்டும் சார், ஆனா யார் மனசும் நோகக் கூடாது." வெளியீட்டு விழாவில் புரியாணி விருந்து உண்டாம். ஒப்புக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: பசறை மலைகளின் மேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிரு

(வேண்டாம். மலையகக் கதை என்றாலே பனியை இறக்கிவிடுகிறோம்.)

இரண்டாவது: கலாராணி குண்டாக இருந்தாள்.

இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

2
கலாராணி பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். காலையில் கோதுமை மா ரொட்டி, மதியம் அதே ரொட்டி, இடையிடையே சீனி தூக்கலான தேத்தண்ணி. வெலிமடைக் கரட்டையும் லீக்ஸையும் அவளுக்கு நன்றாகத் தெரியும்; லொறியில் கொழும்புக்குப் போகும்போது பார்த்திருக்கிறாள்.

இடது பாதத்தில் ஒரு புண். மாதக்கணக்காகியும் ஆறவில்லை. தாகமும் அடங்குவதில்லை. சீனி வியாதியோ என்று அவளுக்குப் பயம். ஆனால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குப் பேர்* விழாது. அதனால் போகவில்லை.

[*பேர்: ஒரு நாள் வேலைக்கான பதிவு. அது விழுந்தால்தான் கூலி. இந்தக் குறிப்பு, தேயிலையைக் கோப்பையில் மட்டுமே கண்டவர்களுக்கு.]

3
அந்த நிறுவனத்திலிருந்து நிரஞ்சலா மிஸ் தோட்டத்துக்கு வந்தார். மண்டபத்தில் படம் போட்டுக் காட்டினார். "உடம்பு பருமனானவங்களால நாட்டுக்கு எவ்வளவு நட்டம் தெரியுமா? வைத்தியச் செலவு, இழந்த வேலை நாள்..." கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சீனித் தேத்தண்ணியும் ஆளுக்கொரு கிறீம் பனிஸும் வந்தன.

கலாராணிக்கு ஒரே ஆச்சரியம். நாடு தன்னைக் கண்டுகொள்வதே இல்லை என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தாள்! வேலை நாள் எதையும் அவள் இழந்ததில்லை. அப்படி இழக்காமல் இருந்துதான் கால் அழுகிக்கொண்டிருந்தது.

கடைசியில் மிஸ் ஓர் அறிவிப்புச் செய்தார். எடை எல்லையைத் தாண்டியவர்களை வேனில் பதுளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவார்களாம். அன்றைக்குப் பேரும் உண்டாம்.

வாழ்க்கையில் முதல்முறையாகக் கலாராணி தன் உடம்பை நினைத்துப் பெருமைப்பட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்திலிருந்த பெரியாயியின் பனிஸையும் வாங்கித் தின்றாள்.

4
மிஸ் கொண்டுவந்த எடை மெஷின் உயிரை விட்டிருந்தது. எல்லோரையும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் ஏற்றினார்கள். கணக்கப்பிள்ளை சிவஞானம் வழக்கம்போல் முள்ளைப் பார்த்தார், வழக்கம்போல் எழுதினார். வெளியே மழை.

கலாராணி முள்ளைப் பார்த்தாள். எல்லையைத் தாண்டித்தான் நின்றது. அவர் எழுதியதைப் பார்த்தாள்.

"ஐயா, கொறைச்சு எழுதியிருக்கீங்க."

"ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிச்சேன் புள்ள. மழை நாளுல எல்லாருக்கும் கழிக்கிறதுதானே."

"அது கொழுந்துக்குங்க! நான் மனுசிங்க!"

சிவஞானம் திடுக்கிட்டார். அவர் கெட்டவர் இல்லை, கை பழகிவிட்டது. "எழுதுனத வெட்டுனா தொரை கேப்பாரு," என்று முனகினார்.

அதற்குள் மிஸ் கணக்கைப் பார்த்துவிட்டார். ஒருவர்கூட எல்லையைத் தாண்டவில்லை. "ரொம்பச் சந்தோஷம்! இந்தத் தோட்டத்துல யாருமே பருமனில்ல!" என்று கை தட்டினார். ஒரே மழையில் நாட்டின் நட்டம் நீங்கியது.

கலாராணி இறங்கவில்லை.

"கொழுந்துல கழிச்சப்பல்லாம் வாய மூடிக்கிட்டு இருந்தேன். இது என் ஒடம்புங்க. ஒரு கிலோ கூட விடமாட்டேன்."

5
முடிவு அ (மலருக்கு): மிஸ் கண்கலங்குகிறார், மறுபடி நிறுக்கிறார்கள், கலாராணி வேனில் போகிறாள், கீரை தின்று மெலிகிறாள், நாடு இலாபமடைகிறது. நிறுவனத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

முடிவு ஆ: அவளுடைய காலை எடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு எடை உண்மையாகவே எல்லைக்குள்

(சிரிப்பாக வரும் என்றுதான் தொடங்கினேன். வரவில்லை. அடித்துவிட்டேன்.)

மலரில் இடம் போதாதென்று அவளுடைய வீட்டையும் பிள்ளைகளையும் நானும் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன். முடிவையும் நானே எழுதினால் இன்னும் என்னென்ன கழிப்பேனோ தெரியாது.

ஆகவே கதை மடுவத்திலேயே நிற்கிறது. மழை விடவில்லை. யாரும் ஏறாத வேன் புறப்படத் தயாராக ஹோர்ன் அடிக்கிறது. கலாராணி, புண்பட்ட காலையும் நன்றாக ஊன்றி, தராசின் மேல் நிற்கிறாள். சிவஞானம் பேனாவைப் பிடித்தபடி முள்ளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறார்.

நீங்கள் பாருங்கள். பார்த்ததை உரக்கச் சொல்லுங்கள், வேன்காரருக்கும் கேட்கும்படியாக. ஈரத்துக்கென்று எதையும் கழித்துவிடாதீர்கள்.