கம்பி வேலிக்குள் வைத்த படையல்

அம்மாசியின் வயிற்றில் இடப்பக்கமாக ஒரு வாய் இருந்தது. கூடப் பிறந்ததல்ல அது. செமிலிங் போகிற சாலை வளைவில் எஸ்டேட் லாரியைக் கம்யூனிஸ்டுகள் சுட்டபோது ஒரு குண்டு அவன் குடலைக் கிழித்துப் போட்டது. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் மிச்சக் குடலை வெளியே இழுத்து வயிற்றுத் தோலோடு தைத்துவிட்டார். இனிமேல் வெளிக்குப் போவதெல்லாம் அந்த வழியாகத்தான். லாரியை ஓட்டிய தர்மலிங்கம், அம்மாசியின் உயிர்க் கூட்டாளி, அங்கேயே செத்துப்போனான்.

ரப்பர் பால்மரம் வெட்டப் போகும் இராசாத்திக்கு, புருஷன் உயிரோடு வீடு வந்ததே போதும் என்றிருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து மடித்து அந்த வாய்மேல் வைப்பாள், மேலே பெல்ட்டை இறுக்குவாள், அழுக்கானதைத் துவைத்துக் காயப்போடுவாள். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் மனோகரன் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"உன் புருசன் வயிறு இப்ப கைப்பிள்ளை மாதிரிம்மா. வெங்காயம், பருப்பு, கோசு, முட்டை எல்லாம் காத்தும் நாத்தமும். குழைஞ்ச சோறு, வாழைப்பழம் கெட்டியாக்கும். தண்ணி நல்லாக் குடிக்கச் சொல்லு, இல்லாட்டி அடைச்சிக்கும். கள்ளு போனா ஓடிக்கிட்டே இருக்கும்."

"கள்ளு குடிக்காம இருப்பாராங்கய்யா?"

"குடிக்கட்டும். துவைக்கிறது நீதானே."

அப்போது தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறும் போய்விடக்கூடாது என்று அரிசியைக்கூட வீட்டில் வைக்க விடவில்லை. பொதுக் கொட்டகையில் வெந்த சோற்றைத்தான் அளந்து கொடுத்தார்கள். கேட்டைத் தாண்டும்போது தூக்குவாளி, மடி, கொண்டை எல்லாவற்றையும் சோதிப்பார்கள்.

இந்தக் கெடுபிடியில்தான் தர்மலிங்கத்தின் திதி வந்தது. அடிபட்டுச் செத்தவனுக்கு விழுந்த இடத்தில் இலை போடுவதுதான் வழக்கம். சோற்றை வெளியே கொண்டுபோக முடியாதே, ஒண்டிக்கட்டையாய்ப் போனவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று, இராசாத்தி வீட்டுக்குள்ளேயே இலை போட்டாள். சோறு, பருப்பு, பொரித்த மீன், ஒரு கிளாஸ் கள்ளு. "வாங்கண்ணே, வந்து சாப்பிடுங்க" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு அந்த இலையில் இருந்த சோற்றில் ஒரு வாய் பிசைந்து அம்மாசிக்குக் கொடுத்தாள்.

மறுநாள் துணியை அவிழ்த்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பெத்தாய் வாசனை. காட்டு மரத்தில் நீளநீளமாய்த் தொங்குமே, அந்தக் காய். தின்றவன் இரண்டு நாளைக்கு நாற்றத்தால் ஊரைக் கூட்டுவான். தர்மலிங்கத்துக்கு அது உயிர். அம்மாசிக்கோ சின்ன வயசிலிருந்தே ஆகாது.

"எங்க தின்னீங்க?"

"எதை?"

"துணியைப் பாருங்க. பச்சைப் பச்சையா தெரியுது."

"நான் உன் கையால கஞ்சி குடிச்சதோட சரி, தாயே" என்றான் அம்மாசி. அவன் முகத்தில் பொய் இல்லை. பயம் இருந்தது.

வேலிக்கு வெளியே ஸ்டோரில் ரப்பர் ஷீட் அடுக்கும் வேலை அவனுக்கு. அன்று கேட்டில் அவன் இடுப்பைத் தடவிப் பார்த்த காவல்காரன் மஜீத் சட்டென்று கையை எடுத்தான். சுங்கைப்பட்டாணி டவுனில் கடை வைத்திருப்பவர் மகன், நல்ல பையன்தான்.

"அண்ணே, பெத்தாய் எங்க கிடைச்சது? பாசார்லயே கிடையாதுலா. காட்டுக்குள்ள போனாத்தான் உண்டு."

"நான் தின்னலப்பா."

"அப்ப உங்க வயிறு தனியாப் போய்த் தின்னுச்சா? எனக்குப் பரவால்ல. சார்ஜன்ட் மோந்து பாத்தார்னா, காட்டுக்காரங்க ஆளுன்னு லாரியில ஏத்திடுவார். அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல்தான்."

அம்மாசி வந்து இதைச் சொன்னதும், லாக்கப்பில் இவருக்கு யார் துணி மாற்றுவார்கள் என்றுதான் இராசாத்தி முதலில் நினைத்தாள். கஞ்சியையும் நிறுத்தினாள். வெறும் வடிதண்ணீர்தான். வேலைக்கு அனுப்பாமல் கதவைச் சாத்திக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பட்டப்பகல். அம்மாசி கண்ணயர்ந்திருந்தான். அவன் வயிற்றிலிருந்து மெல்ல ஒரு சத்தம் வந்தது. காற்றுப் பிரியும் சத்தம் அவளுக்குப் பழக்கம்தான். இது சீழ்க்கை. சாப்பாட்டுத் தட்டைக் கண்டதும் பல்லிடுக்கில் தர்மலிங்கம் அடிப்பானே, அதே சீழ்க்கை. துணியை விலக்கினாள். பச்சையாய், அரைபட்ட பெத்தாய்க் கொட்டை.

அடுத்த வீட்டுப் பிச்சையம்மாளிடம் ஓடினாள்.

"எங்கடி வச்ச படையலை?"

"வீட்டுக்குள்ளதான் அக்கா."

"அடிப்பாவி, அடிபட்டுப் போனவனை வேலிக்குள்ளயா கூப்பிடுவே? வந்தவன் எப்படிடி வெளிய போவான்? அவன் விழுந்த இடத்துல சோறு போட்டு அவனை அங்கயே விட்டுட்டு வா."

"ஒரு பருக்கை கேட்டைத் தாண்டாதே அக்கா."

அன்று சாயங்காலம் கேட்டில் மஜீத் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தான். "சோத்தை வயித்துக்குள்ள போட்டுக் கொண்டுபோனா நாங்க என்ன செய்யறது? அறுத்தா பாக்க முடியும்?"

இராசாத்தி அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

மறுநாள் காலையில் இந்தத் தடவை தர்மலிங்கத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல், டிரெஸ்ஸர் வேண்டாம் என்றதையெல்லாம் சமைத்து அம்மாசிக்கு ஊட்டினாள். வெங்காயம், பருப்பு, முட்டை, மேலே ஒரு கிளாஸ் கள்ளு. "கொல்லப் பாக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே அவன் தின்றான். வயிறு பானையாய் உப்பியது. மஜீத் அவள் கொண்டையையும் வெறும் கையையும் சோதித்துவிட்டு, அம்மாசியின் பெல்ட்டைத் தொடாமலே வழிவிட்டான்.

வளைவில் லாரி எரிந்த இடத்தில் லாலான் புல் முளைக்காமல் கறுப்பாகவே இருந்தது. அம்மாசியை அங்கே உட்கார வைத்தாள்.

"அண்ணே, உங்க பங்கு வந்திருக்கு. எடுத்துக்கிட்டு எங்களை விட்டுடுங்க."

சீழ்க்கை வந்தது. வயிற்றிலிருந்து ஒன்று, ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து இன்னொன்று. அம்மாசி கண்ணை மூடிச் சாய்ந்தான். உப்பிய வயிறு அவள் பார்க்கப் பார்க்கவே வற்றி ஒட்டியது. துணியை அவிழ்த்தாள். வெளுத்துக் காய்ந்த துணிபோல் சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டு இல்லை, ஒரு வாசனை இல்லை.

"எந்திரிங்க, போவலாம்."

அவன் எழுந்தான். கொஞ்சதூரம் போனதும் பின்னால் யாரோ "இராசாத்தி" என்று கூப்பிட்டது போலிருந்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பிச்சையம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் திரும்பவில்லை.

கேட்டில் அன்று சார்ஜன்டே நின்றிருந்தார். அம்மாசியின் இடுப்பருகே குனிந்து மோந்து பார்த்துவிட்டு, போகச் சொல்லித் தலையசைத்தார். அதற்குப் பிறகு வயிறும் ஒழுங்காகிவிட்டது. குழைந்த சோறு போனால் குழைந்த சோறாகவே வந்தது.

மறுநாள் சாயங்காலம் தட்டில் கஞ்சியை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் தட்டைப் பார்த்தான். பல்லிடுக்கில் மெல்லச் சீழ்க்கையடித்தான்.

"வெறும் கஞ்சிதானா, தங்கச்சி? ரெண்டு பெத்தாய் இருந்தா தேவலை."