வியாழக்கிழமைத் துக்கம்

"12-10-1961, வியாழன். விழுப்புரம். இன்று ஜெபமாலையில் தவறு செய்தேன். சிறிய தவறுதான் என்று எழுதலாமா, தெரியவில்லை."

இவ்வளவு எழுதிவிட்டு அருள்நாதன் பேனாவை மூடினான். டைப்ரைட்டிங் மாலை வகுப்பில் விடும் பிழைகளை அன்றன்றே குறித்து வைப்பவன் அவன். இது அந்தப் பட்டியலில் அடங்கவில்லை.

அக்டோபர் பிறந்தால் கோயிலிலிருந்து மாதாவின் சிறு சிலை, அந்தச் சுரூபம், நாளுக்கு ஒரு வீடாகப் போகும். அந்த வீட்டில் எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள். திண்டிவனத்தில் அவன் வீட்டுக்கும் வந்துகொண்டிருந்ததுதான். அம்மா இறந்ததும் அந்த வீட்டைக் காலிசெய்து, வேலைக்காக விழுப்புரம் வந்து பத்து மாதம். கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் சூசைமுத்து, மாதாவை அழைக்கும் வீடுகளின் பெயர் எழுதிய அன்று, பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டான். ஒண்டிக்கட்டையின் ஒற்றை அறைக்கு மாதாவை எப்படிக் கூப்பிடுவது? ஆனாலும் தினமும் மற்றவர் வீடுகளுக்குப் போனான். அவன் குரலோடு வேறு குரல்கள் சேர்வது அந்த அரைமணி நேரம்தான்.

இன்று இன்னாசியம்மாள் வீடு. உபதேசியாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "நீ சொல்லு தம்பி" என்று அவனை முன்னால் தள்ளினார். வியாழன், இயேசுவின் பிறப்பை நினைக்கும் சந்தோஷ தேவரகசியங்களுக்கு உரிய நாள். அவன் வாயில் வந்ததோ அவர் பாடுகளை நினைக்கும், வெள்ளிக்கிழமைக்குரிய துக்க தேவரகசியங்கள். அம்மா இறந்த வாரம் முழுவதும் சொன்னவை. யாரும் திருத்தவில்லை, கூடவே பதில் சொன்னார்கள். மூன்றாவது ரகசியத்தில்தான் அவனுக்கு உறைத்தது. அதற்குமேல் மாற்ற முடியாமல், சிலுவை மரணம் வரை போய்த்தான் நிறுத்தினான்.

முடிந்ததும் நழுவப் பார்த்தவன் கையில் இன்னாசியம்மாள் வேகவைத்த மல்லாட்டையை, தோல் உரிக்காத வேர்க்கடலையை, திணித்தாள்.

"இன்னா தம்பி, வெள்ளிக்கிழமைய ஒரு நாள் முன்னாடியே இஸ்துக்கினு வந்துட்ட?"

"தெரிஞ்சும் ஏங்க்கா யாரும் சொல்லல?"

"நீ அழுதுகினே சொன்ன. நடுவுல எப்படி நிறுத்தறது?"

அழுதது அவனுக்கே தெரியாது.

சூசைமுத்து காகிதத்தைப் பிரித்தார். "லூர்துமேரி வூட்டுல எல்லாரும் திருவெண்ணெய்நல்லூரு போயிட்டாங்களாம். நாளைக்கி யாரு வூட்டுல வைக்கிறது?"

அருள்நாதன் மல்லாட்டையை உடைக்காமல் நின்றான். இப்போது கேட்காவிட்டால் அடுத்த அக்டோபர்தான். இப்படிச் சொதப்பியவன் கேட்கலாமா?

"எங்க ரூமு..." என்றான். "நான் ஒருத்தன்தான். நாற்காலிகூட கெடையாது."

"மாதா என்னிக்கி ஒக்காந்தாங்க? நின்னுக்கினுதான இருக்காங்க" என்றாள் இன்னாசியம்மாள். "நாங்க தெருவுல முட்டி போட்டுக்கறோம். சைக்கிள்காரன் வந்தா சுத்திக்கினு போவட்டும்."

பட்டியலில் எல்லாப் பெயருக்குப் பின்னாலும் 'குடும்பம்' என்று இருந்தது. சூசைமுத்து பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, 'அருள்நாதன் குடும்பம்' என்று எழுதினார். அருள்நாதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா இருந்திருந்தால் இருவர்.

அறையில் மறுபடி பேனாவைத் திறந்தான்.

"நாளை வகுப்புக்கு விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அறையைக் கழுவ வேண்டும். சுரூபம் வைக்கப் பக்கத்து வீட்டில் மேசை கேட்க வேண்டும்."