பாகம் பிரித்த கம்ப்யூட்டர்

வீட்டைப் பாகம் பிரிப்பார்கள், நிலத்தைப் பிரிப்பார்கள், அண்டா குண்டாவைக்கூடப் பிரிப்பார்கள். ஒரே கம்ப்யூட்டரைக் கழற்றி ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு போன அண்ணன் தம்பி இந்த இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும்.

பதினாறு வருஷம் சேர்ந்து பெயர்ப் பலகை செய்தவர்கள். ஸ்டிக்கர் தாளில் எழுத்து வெட்டும் மிஷின் ஒன்று, அதை ஓட்டும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று. ஒன்றில்லாமல் இன்னொன்று வெறும் தகரம். கடையைப் பிரிக்க வந்து உட்கார்ந்த தாய்மாமனுக்கு அது எங்கே தெரியும்? அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் டிவிக்குத் தங்கச்சி. மிஷின் சின்னவனுக்கு, கம்ப்யூட்டர் பெரியவனுக்கு என்று சொல்லிவிட்டார். அந்த நிமிஷமே இருவரில் ஒருவர் வாயைத் திறந்திருக்கலாம். வீம்பு விடவில்லை.

பிறகு சின்னவன் திறந்தான், அதுவும் கெடுப்பதற்கு.

"அதுக்குள்ள இருக்கிற ப்ராசஸர் நான் வாங்கிப் போட்டது. அதை நான் கழட்டிக்கிறேன்."

மாமா பெரியவனைப் பார்த்தார். "எடுத்துக்கட்டும் மாமா" என்றான் அவன்.

சின்னவன் கொக்கியைத் தூக்கி, பிஸ்கட் துண்டு அளவில் இருந்த ப்ராசஸரை எடுத்தான். "வெறுங்கையில கொண்டு போகாதே, கீறல் படும். இரு, ஸ்பாஞ்ச் எடுத்துட்டு வரேன்" என்று பெரியவன் உள்ளே போனான். மாமா காதைக் குடைந்துகொண்டிருந்தார். ப்ராசஸர் இருந்த குழியில், மயிரிழை மாதிரி நூற்றுக்கணக்கான ஊசிகள் வரிசையாக நின்றன. அதில் நாலு வளைந்தால் போதும், கம்ப்யூட்டருக்கே அடித்தளமான அந்த மதர்போர்டு எழுந்திருக்காது. அந்தக் கடையில் இதெல்லாம் தெரிந்தவன் சின்னவன் ஒருவன்தான். பெருவிரலை ஊசிகள்மேல் வைத்து ஒரு அழுத்து அழுத்தினான். அப்புறம் மூடியை இறக்கிக் கொக்கியை மாட்டிவிட்டான்.

பெரியவன் வந்து ப்ராசஸரை ஸ்பாஞ்சில் பொதிந்து, காலி மிட்டாய் டப்பாவில் வைத்துத் தம்பியிடம் கொடுத்தான். எதிரிக்குச் சகுனம் கெடட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை எல்லோருக்கும் தெரியும். அறுத்துக்கொண்ட அன்று அவனும் சின்னவனைப் போல நிம்மதியாகத்தான் தூங்கியிருப்பான்.

இரண்டு மாதம் கழித்துப் பெரிய வேலை வந்தது. புதிதாகக் கட்டிய கல்லூரி ஒன்றின் எல்லா அறைக் கதவுகளுக்கும் பெயர்ப் பலகை. திறப்பு விழாவுக்குள் முடித்தால் வருஷா வருஷம் அவர்கள் வேலை சின்னவனுக்குத்தான். முடிக்காவிட்டால் தனிக்கடை தலைதூக்காது. அதுவரை கையால் எழுதி ஒப்பேற்றியவன் கம்ப்யூட்டர் வாங்கப் போனபோதுதான் தலையில் இடி விழுந்தது. மிஷினோடு சேர்ந்து அவனுக்கு வந்த இணைப்புக் கார்டு பழைய போர்டில்தான் உட்காரும். புதியவற்றில் அதற்கு இடமே கிடையாது. மிஷினும் இருந்தது, கார்டும் இருந்தது, டப்பாவில் ப்ராசஸரும் இருந்தது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுதவன் நிலைமை.

பழைய சாமான் கடைகள் இருக்கும் தெருவில் ஒன்று விடாமல் ஏறி இறங்கினான். "இந்த ப்ராசஸருக்குப் போர்டா? இதைச் சாவிக்கொத்துல மாட்டிக்குங்க, அழகா இருக்கும்" என்றான் ஒரு கடைக்காரன். இன்னொரு கடையில் ஒரு போர்டு கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தினால், ப்ராசஸர் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. காற்றாடி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு 'வைத்தியர்' கடைக்குப் போனான். செத்த போர்டுகளை எழுப்புவதால் அந்தத் தெருவில் அவருக்கு அந்தப் பெயர்.

"குழி ஒண்ணுதான். ஆனா இந்த போர்டு முந்தின காலத்துது. உங்க ப்ராசஸர் யாருன்னே இதுக்குத் தெரியாது" என்றார் வைத்தியர். "சட்டை அளவு சரியா இருந்தா மாப்பிள்ளை சரியாயிடுவாரா? அசல் ஜோடியைத்தான் தேடணும். வந்தா சொல்றேன்."

அசல் ஜோடி எந்த வீட்டில் இருக்கிறது என்று சின்னவனுக்குத் தெரியும். அவன் மனைவிக்கும் தெரியும்.

"உங்க அண்ணன்கிட்டயே கேளுங்களேன். அவர் இல்லேன்னு சொல்ற ஆளில்லை" என்றாள். தினமும் சொன்னாள்.

"அவர் வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்றான் அவன். ரோஷக்காரன் பேச்சு மாதிரி இருந்தது. உண்மையில் பயம். கேட்டால் பெரியவன் கொடுத்துவிடுவான். கொடுத்தால் மூடியைத் திறக்க வேண்டும்.

திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது வைத்தியர் கூப்பிட்டார். "அதே மாடல் ஒண்ணு இருக்கு. சின்னக் குறை. வந்து பாருங்க."

ஓடினான். மேஜைமேல் கிடந்த போர்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. எந்த ஒயர் எங்கே என்று மறந்துபோகாமல் இருக்க அண்ணி நகப்பாலிஷில் வைத்த பொட்டு.

"இதை யார் கொடுத்தாங்க?"

"ஒருத்தர் வந்தார், பாவம். இதுக்கு ப்ராசஸர் தேடி ரெண்டு மாசம் நாயா அலைஞ்சிருக்கார். எப்படியோ ஒண்ணு வாங்கிப் போட்டும் எழும்பலை. நான் திறந்து பார்த்தா ஊசியெல்லாம் படுத்துக் கிடக்கு." வைத்தியர் பூதக்கண்ணாடியை நீட்டினார். "தவறி விழுந்து வளைஞ்சது இல்லை சார், யாரோ விரலால அழுத்தியிருக்காங்க. கடைசியா யார் கழட்டினாங்கன்னு கேட்டேன். தம்பிதான்னார்."

சின்னவன் கண்ணாடியை வாங்கவில்லை.

"அப்போ தம்பி வேலைதான்னு சொன்னேன். அந்த மனுஷனுக்கு வந்ததே கோபம். 'என் தம்பி கைபட்டா ஒரு ஊசிகூட வளையாது. வாங்கின இடத்துலயே பழுதா இருந்திருக்கும்'னு என்னோட சண்டைக்கு வந்துட்டார். எடுத்துட்டுப் போகவும் மனசில்லாம இங்கேயே போட்டுட்டுப் போயிட்டார்." வைத்தியர் போர்டைத் தாளில் சுற்றினார். "எனக்குக் கண் சரியில்லை. பொறுமையா ஒவ்வொண்ணா நிமிர்த்தினா ஓடும். கை நடுங்காம இருக்கணும், அவ்வளவுதான். சும்மாவே கொண்டு போங்க."

வீட்டில் ஜன்னலோரம் மேஜையைப் போட்டு, தையல் ஊசியும் கண்ணாடியுமாக உட்கார்ந்தான். மனைவி டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள். முதல் ஊசி நிமிர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. எல்லோரும் மெச்சிய கைதான். என் தம்பி கைபட்டா என்ற வார்த்தை காதுக்குள் கேட்டது. அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. கை நடுங்கியது. பன்னிரண்டாவது ஊசி அடியோடு முறிந்து, மேஜைமேல் விழுந்த இடம்கூடத் தெரியாமல் போனது.

இனி வைத்தியராலும் முடியாது. கல்லூரிக்காரர்களிடம் முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஊசியைக் கீழே வைத்தான்.

மனைவி போர்டின்மேல் குனிந்தாள். சிவப்புப் பொட்டைப் பார்த்துவிட்டாள்.

"இது நம்ம போர்டாச்சே." டார்ச்சைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "யாருங்க இப்படி நசுக்கினது?"

சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணன்" என்றான்.

அவள் டார்ச்சை அணைத்தாள்.

"அவரைப் போய் நல்ல மனுஷன்னு உங்ககிட்ட தினமும் சொல்லிட்டிருந்தேனே. என்னைச் சொல்லணும்" என்று எழுந்து உள்ளே போனாள்.