முனியப்பன் கிணற்றில் சுண்ணாம்பு

முனியப்பன் கோயில் மணி பட்டப்பகலில் கணகணவென்று அடித்தது. பூசை நாள் அல்ல. பொங்கல் வைக்க வந்தவர்களும் இல்லை. கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த முனியாயி, களைக்கொத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். வலது கணுக்காலில் பழந்துணிக் கட்டு. முள் ஏறிவிட்டதென்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நொண்டி நொண்டி ஓடினாள்.

கோயிலுக்கு எதிரே படிக்கிணறு. அதன் வாயிலில் ஒரு மாட்டுவண்டி; வண்டி நிறையச் சுண்ணாம்பு மூட்டைகள். பூசாரி தீர்த்தகிரி மணிக்கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். ஊரே கூடிவிட்டது. நடுவில் காக்கிச் சட்டையும் தொப்பியுமாகச் சுகாதார இன்ஸ்பெக்டர் சவுரியப்பன். அவர் பக்கத்தில், தடியை ஊன்றிக்கொண்டு நாகன்!

அவனைக் கண்டதும் முனியாயி காறித் துப்பினாள்.

போன வருஷம், 1937 சித்திரையில், அவள் புருஷன் மாதேஸும் பங்காளி நாகனும் வத்தல்மலைக்குத் தேன் எடுக்கப் போனார்கள். மாதேஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறையில் இறங்கினான். மேலே கயிற்றைப் பிடித்தவன் நாகன். மாதேஸ் பிணமாகத்தான் ஊர் திரும்பினான். கயிறு பாறையில் உரசி அறுந்தது என்றான் நாகன். அவன்தான் அறுத்தான், கண்ணால் பார்த்தேன் என்றாள் முனியாயி. அதன் பிறகு, பிள்ளையில்லாத அவளுக்குச் சேர வேண்டிய கொல்லைக்காட்டைப் பிடுங்கி உழுதவனும் நாகன்தான்.

போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டு போயிற்று. ஊர் விடவில்லை. சத்தியம் செய்ய இருவரையும் முனியப்பன் கிணற்றில் இறக்கிற்று. அந்தத் தண்ணீரை யாரும் தாகத்துக்குக் குடிப்பதில்லை. சத்தியம் செய்பவர்கள் மட்டும் மூன்று கை அள்ளிக் குடிக்க வேண்டும். பொய் சொன்னவர் காலில் வருஷம் திரும்பும்போது நரம்புச்சிலந்திப் புழு புறப்படும், வெள்ளை நூல்போல, முழ நீளத்துக்கு. புறப்பட்டால் அதே கிணற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, காலைக் கழுவிவிட்டு, ஊரைவிட்டே போய்விட வேண்டும்.

போன வாரம் நாகன் காலில் புறப்பட்டது. வெள்ளிக்கிழமை அவனைக் கிணற்றில் இறக்குவதென்று ஊர் முடிவு செய்தது. அதற்குள் அவன் தர்மபுரிக்கு ஓடிக் காலைக் காட்டி, இன்ஸ்பெக்டரையே கூட்டி வந்துவிட்டான்.

"மணியை நிறுத்துங்க, பூசாரி" என்றார் சவுரியப்பன். "இந்த நோவு பொய்யால வரல, தண்ணியால வருது. புழு வந்த காலை இந்தக் கெணத்துலதானே கழுவ வெக்கிறீங்க? அதோட குஞ்செல்லாம் தண்ணியில எறங்குது. அடுத்து சத்தியம் பண்றவன் அதையேதான் அள்ளிக் குடிக்கிறான். நல்லவன் குடிச்சாலும் வரும், கெட்டவன் குடிச்சாலும் வரும். சுண்ணாம்பு கொட்டினாத்தான் அது சாகும்."

"கேட்டுக்கிட்டீங்களா? சர்க்காரே சொல்லுது!" என்று இளித்தான் நாகன்.

பூசாரிக்கு முகம் சிவந்தது. "சிலுவைக்காரருக்கு எங்க சாமி மேல என்ன வன்மமுங்க? உங்க மாதாகோயில் தீர்த்தத் தொட்டியிலயும் சுண்ணாம்பு கொட்டுவீங்களா?"

"புழு இருந்தா கொட்டுவேன்."

கூட்டம் உறுமியது. எவனோ ஒருவன் குனிந்து கல்லை எடுத்தான். முனியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் படிக்குக் குறுக்கே நின்றாள்.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நல்லவனுக்கும் வரும், கெட்டவனுக்கும் வரும்னா, நாளைக்கு எவன் எதுக்குங்க பயப்படுவான்?"

"அதுக்குப் போலீஸ் இருக்கும்மா."

"வந்தாங்க. நாகன் வூட்டுல கோழிக் கொழம்பு தின்னாங்க. போயிட்டாங்க. அவன் வூட்டுல கை நனைக்காதவன் இந்த முனியப்பன் ஒருத்தன்தான். அந்தச் சாமி வாயிலயும் சுண்ணாம்பைக் கொட்ட வந்துட்டீங்க!"

இன்ஸ்பெக்டரின் பார்வை அவள் காலுக்கு இறங்கியது.

"நீயும்தானே குடிச்சே? கால்ல என்ன கட்டு?"

"முள்ளுங்க."

"அவுத்துக் காட்டு, பாப்போம்."

அவள் பின்வாங்கினாள். நாகன் தடியை நீட்டித் துணியைக் கொக்கிபோட்டு இழுத்தான். கட்டு அவிழ்ந்தது. புண்ணிலிருந்து எட்டிப் பார்த்த வெள்ளை நூலை அவளே ஒரு ஈர்க்குச்சியில் சுற்றி வைத்திருந்தாள்.

பூசாரியின் கை மணிக்கயிற்றை விட்டுவிட்டது.

"மலை மேல நடந்ததை ஊருக்குள்ள குந்திக்கிட்டே பார்த்த மவராசியாச்சே!" என்று கெக்கலித்தான் நாகன். "யாரு பொய்க்காரின்னு பார்த்துக்குங்க!"

"வாயை மூடு!" என்று அதட்டினார் சவுரியப்பன். அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "ரெண்டு பேருக்கும் வந்தது வெறும் புழும்மா. இத்தனை பேர் முன்னால அதை ஒத்துக்க. உன் மேல ஒரு பழியும் நிக்காது."

"ஆமா ஆமா, வெறும் புழுதான்" என்று அவசரமாகச் சேர்ந்துகொண்டான் நாகன்.

முனியாயி அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு தலையாட்டல் போதும், அவள் சுத்தம். அதே தலையாட்டலில் அவனும் சுத்தம். வெள்ளிக்கிழமை அவன் கிணற்றில் இறங்க மாட்டான். மாதேஸின் கொல்லையில் ஏர் பூட்டுவான்.

அவள் திரும்பிப் படியில் இறங்கினாள்.

"ஐயோ, தண்ணியில காலை வெக்காதே!" என்று கத்திக்கொண்டு ஓடினார் இன்ஸ்பெக்டர்.

அதற்குள் தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டுவிட்டது. அங்கே நின்று, மேலே தெரிந்த அத்தனை தலைகளையும் அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"கண்ணால பார்த்தேன்னு நான் சத்தியம் பண்ணது பொய்யிங்க. முனியப்பன் ரெண்டு பேரையும் சரியாத்தான் புடிச்சிருக்கான்!"