கேட்காத விசில்

லைல் ஹால்வர்சன் தோற்பதை ஒருமுறை கிட்ட நின்று பார்த்துவிட வேண்டும் என்பதுதான் ஓரின் டெஷ்ஷின் ஏழு வருட ஆசை. தூரத்திலிருந்து பார்ப்பதில் அவருக்குத் திருப்தி இல்லை. பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வதும் போதாது. அந்த மூஞ்சி சுருங்கும்போது தான் எதிரே நிற்க வேண்டும், சுருங்கியதற்குக் காரணம் தானாக இருந்தால் இன்னும் நல்லது. ஐம்பத்தெட்டு வயது மனிதர் தினமும் காலையில் இந்த ஆசையோடு எழுந்து, இதோடு காபி குடித்து, இதோடு கடைக்குப் போய் ஆணியும் பெயின்ட்டும் விற்றுக்கொண்டிருந்தார் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஹால்வர்சன் அவருக்குச் செய்ததை உங்களுக்குச் செய்திருந்தால் வராது.

விஸ்கான்சின் மாநிலத்தில் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கெல்லாம், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம் அது, ஓரின்தான் தலைமை நடுவர். கோடு போட்ட சட்டைக்காரர்கள் ஐந்து பேரில் வெள்ளைத் தொப்பி அவருடையது. ஏழு வருடத்துக்கு முன்னால் ப்ளம் ரிவர் பள்ளி ஆடிய ஆட்டத்தில் எதிரணிப் பையன் ஒருவன் பந்தோடு விழுந்தான். பந்து அவன் வயிற்றுக்கடியில்தான் இருக்கிறது என்று நினைத்து ஓரின் விசில் ஊதினார். பந்து அங்கே இல்லை, அது முன்பே நழுவிப் பக்கத்தில் உருண்டுகொண்டிருந்தது. ப்ளம் ரிவர் பையன் அதை அள்ளிக்கொண்டு கடைசிக் கோடுவரை ஓடினான். அது மட்டும் செல்லுபடியாகியிருந்தால் ப்ளம் ரிவருக்கு வெற்றி.

செல்லவில்லை. விசில் ஊதியாயிற்று என்றால் பந்து செத்தது, அதற்குப்பின் ஓடியது எதுவும் கணக்கில் வராது; தவறிப்போய் ஊதினாலும் செத்ததுதான். ஊதியதைத் திரும்ப விழுங்க முடியாது. பந்து யார் கையிலும் இல்லாமல் தரையில் கிடக்கும்போது விசில் ஒலித்தால், கடைசியாகக் கையில் வைத்திருந்த அணிக்கே அது திரும்பிப் போகும். விதி அப்படி. ஓரின் தன் தப்பை எல்லார் முன்னாலும் சொல்லி, பந்தை எதிரணியிடம் கொடுத்தார். நடுவர்களுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

ப்ளம் ரிவரின் பயிற்சியாளர் ஹால்வர்சன் அன்று மாலையே உள்ளூர் வானொலியில் உட்கார்ந்து, "அந்த ஆளு தவறிப்போய் ஊதல. தெரிஞ்சே ஊதினான். அவன் ஒரு பொய்யன்" என்றான்.

தப்பு செய்தவர் என்று சொல்லியிருந்தால் ஓரின் தாங்கியிருப்பார். பொய்யன் என்றது அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அதன்பிறகு வீட்டு வாசல் தபால்பெட்டியில் பிளாஸ்டிக் விசில்கள் கிடந்தன. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு உணவகத்துக்குள் நுழைந்தால் மூலையிலிருந்து எவனாவது உதட்டைக் குவிப்பான். அவர் மனைவி ஆர்டிஸுக்கு வேலை ப்ளம் ரிவர் பள்ளிச் சமையலறையில். அவள் தட்டில் உருளைக்கிழங்கு போடும்போதெல்லாம் பிள்ளைகள் விசிலடித்தார்கள், ஹால்வர்சன் அதே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வேலையை விட்டாள். பிறகு துலூத் நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. ஊரார் அடித்த விசிலுக்காக அவள் போனது பாதிதான். வீட்டுக்குள் ஓயாமல் ஹால்வர்சன் பேச்சே ஓடிக்கொண்டிருந்தது மீதிப் பாதி. அந்த மீதியை ஓரின் ஒருநாளும் கணக்கில் சேர்க்கவில்லை.

அவரை நம்பிய ஒரே ஆள் மார்லிஸ் பெக்கம். பால்பண்ணைக்காரி, நாற்பத்தைந்து வயது, அவர் குழுவில் எல்லைக்கோட்டு நடுவர். "ஓரின் டெஷ் பொய் சொன்னாருன்னு யாராவது சொன்னா என் மாட்டுத் தொழுவத்துல வந்து சொல்லுங்க, மண்வெட்டியோட பதில் சொல்றேன்" என்று நடுவர் சங்கக் கூட்டத்திலேயே சொன்னவள்.

எந்த நடுவர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை பயிற்சியாளர்களுக்கு உண்டு. ஹால்வர்சன் வருடம் தவறாமல் ஓரின் பெயரை அடித்துவிடுவான். ஆனால் மாநில அரையிறுதிக்கு நடுவர்களைப் போடுவது மாநிலச் சங்கம், அங்கே பயிற்சியாளர் பேச்சு எடுபடாது. அந்த நவம்பரில் ப்ளம் ரிவர் அரையிறுதிக்கு வந்தது. எதிரே கார்வில் பள்ளி. வெள்ளைத் தொப்பி ஓரின். அந்தத் தகவல் வந்த அன்று ஓரின் கடையில் தனியாக நின்று சிரித்ததைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர் பெயின்ட் வாங்காமலே போய்விட்டார்.

சனிக்கிழமை மதியம், குளிர் எலும்பைக் குடைந்தது. மான் வேட்டைத் தொப்பிகளால் பார்வையாளர் வரிசை முழுக்க ஆரஞ்சு நிறம். ஆட்டத்துக்கு முன் கைகுலுக்கும் சடங்கில் ஹால்வர்சன் ஓரினின் கையைப் பிடித்து, விடாமல் சொன்னான்.

"இன்னைக்காவது கண்ணத் தொறந்து வச்சிரு, யோவ்."

"நீ வாய மூடி வச்சிரு. நான் கண்ணத் தொறந்து வக்கிறேன்."

"எவ்வளவு குடுத்தாங்க இந்தத் தடவை?"

ஓரின் கையை உருவிக்கொண்டு, சட்டையில் துடைத்துக்கொண்டார். ஹால்வர்சன் பார்க்கவேண்டும் என்றே துடைத்தார்.

ஆட்டம் முழுக்க அவர் ஹால்வர்சன் அணி பிசகுவதற்காகக் கழுகு மாதிரிக் காத்திருந்தார். பிசகினால் உடனே தப்பாட்டம் என்று மஞ்சள் கொடி. ஆனால் இல்லாத பிசகுக்கு ஒருமுறைகூடக் கொடி வீசவில்லை. அதில் அவருக்கு ஒரு திமிர் இருந்தது. இவனை நியாயமாகவே சாய்க்க வேண்டும், அப்போதுதான் ருசிக்கும்.

ஆனால் அவன் சாய்கிற வழியாக இல்லை. கடைசி நிமிடத்தில் ப்ளம் ரிவர் நான்கு புள்ளி முன்னிலை, பந்தும் அவர்கள் கையில். வேறு எந்தப் பயிற்சியாளரானாலும் பந்தைப் பிடித்த பையனை ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றச் சொல்லியிருப்பான். அப்படி இரண்டு தடவை செய்தால் கடிகாரம் தானாக ஓடி முடிந்துவிடும். ஜெயிக்கிற ஆட்டத்திலும் தன் பையன்களை மண்டியிட விடமாட்டேன் என்பது ஹால்வர்சனின் கொழுப்பு. முட்டி மோதி ஓடச் சொன்னான்.

முப்பத்துநான்காம் எண் பையன் ஓடினான். ஹால்வர்சன் நிற்கும் ஓரத்திலேயே ஏழெட்டுப் பேர் அவன்மேல் விழுந்தார்கள். குவியலிலிருந்து பந்து பிதுங்கி வெளியே வந்தது. கார்வில் பையன் ஒருவன் அதை அள்ளிக்கொண்டு பாதி மைதானத்துக்கும் மேல் ஒற்றையாய் ஓடினான். அவன் கடைசிக் கோட்டைத் தாண்டும்போது கடிகாரத்தில் பூஜ்யம். டச்டவுன் என்றால் ஆறு புள்ளி, கார்வில் ஜெயித்தாயிற்று. கார்வில் பக்கம் மேளமும் கூச்சலும் வானத்தைப் பிளந்தன.

பந்து பிதுங்கிய அந்தக் கணத்தில் ஒரு விசில் கேட்டது. கால்வாசி ஊதி, கடித்து நிறுத்திய விசில். அந்த இரைச்சலில் தள்ளி நின்ற வேறு யார் காதிலும் அது விழுந்திருக்காது. ஏழு வருடமாக அந்தச் சத்தத்தோடு படுத்து எழுந்த ஓரினின் காதில் விழுந்தது.

மார்லிஸ் ஓடி வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"ஓரின், நான் ஊதிட்டேன். பையன் பந்தோடதான் கெடக்கான்னு நெனச்சேன். பந்து வெளிய வந்ததப் பாக்கல. ஊதிட்டேன்."

"மத்தவங்க யாருக்காவது தெரியுமா?"

"பக்கத்துலயே ஹால்வர்சன் நின்னான். அவனுக்குக் கேட்டிருக்கும். பந்து ப்ளம் ரிவருக்குத்தான் போகணும். சொல்லிடுங்க."

மற்ற மூன்று நடுவர்களும் வந்தார்கள். விசில் கேட்டதா என்று ஓரின் கேட்டார். மூவரும் இல்லை என்று தலையாட்டினார்கள். மார்லிஸ் வாயைத் திறக்கப் போனாள். ஓரின் அவர்களைக் கையால் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவளை நாலு எட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

அவர் மனசுக்குள் நடந்ததைச் சொல்கிறேன். விதிப்படி போனால் பந்து ஹால்வர்சனுக்கு, வெற்றி ஹால்வர்சனுக்கு. எந்த விதிக்காக அன்று அவரைப் பொய்யன் என்றானோ அதே விதி இன்று அவனுக்கு மாலை போடும். கார்வில் ஊர் மொத்தமும் மார்லிஸைக் கடித்துக் குதறும், அவளுடைய தபால்பெட்டியிலும் விசில் விழும். விதியை விழுங்கிவிட்டால் ஹால்வர்சன் தோற்பான், மார்லிஸ் தப்பிப்பாள். ஒரே பொய்யில் பழியும் தீர்கிறது, புண்ணியமும் சேர்கிறது. இப்படி ஒரு பொய் யாருக்குக் கிடைக்கும்? அவருக்கு ஆனந்தமாகவே இருந்தது, அதை மறைப்பானேன்.

"நீ எதுவும் ஊதல, மார்லிஸ்."

"ஊதினேனே."

"உன்னை என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமா? நான் பட்டவன். நீ படவேண்டாம். வாயத் தொறக்காத."

அவள் பதில் சொல்வதற்குள் ஓரின் திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினார். டச்டவுன்.

ஹால்வர்சன் காதிலிருந்த கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாய்ந்து வந்தான்.

"விசில் ஊதினா! அந்தப் பொம்பள என் மூக்குக்கு முன்னாடி ஊதினா! எனக்குக் கேட்டுச்சு!"

"எனக்குக் கேக்கல."

"விதிப்படி பந்து எங்களுது. தரையில கெடக்கும்போது ஊதினா கடைசியா யார் கையில இருந்துச்சோ அவங்களுக்கு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நல்லாவே தெரியும். ஏழு வருஷம் முன்னாடி உனக்குத்தான் தெரியல."

"கலந்தாலோசனை கேக்கறேன். நீ விதியத் தப்பாப் போட்டிருக்கே."

"விதியில சந்தேகம்னா கேளு கோச், நின்னு வெளக்கறேன். விசில் கேட்டுச்சா கேக்கலையாங்கறது விதி இல்ல. அது நடந்த சங்கதி. நடந்தது என்னன்னு சொல்றது நான்."

இது உண்மைதான். எந்த விதி எங்கே பொருந்தும் என்று பயிற்சியாளர் வழக்காடலாம். என்ன நடந்தது என்பதில் வெள்ளைத் தொப்பி சொன்னதுதான் முடிவு. பள்ளி ஆட்டத்தில் படம் போட்டுப் பார்க்கும் வசதியும் இல்லை. ஓரினுக்கு அந்த வாக்கியம் தேன் மாதிரி இனித்தது. ஹால்வர்சன் மூஞ்சி, அவர் ஏழு வருடமாகக் கற்பனை செய்த அதே மாதிரி, தாடையிலிருந்து தொடங்கிச் சுருங்கியது. பின்னால் முப்பத்துநான்காம் எண் பையன் தலைக்கவசத்துக்குள்ளேயே அழுதுகொண்டிருந்தான். ஓரின் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

உடைமாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது ஓரினின் வண்டிமேல் சாய்ந்துகொண்டு ஹால்வர்சன் நின்றிருந்தான். அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து ஓரின் பையைக் கீழே வைத்தார். அடிதடி நடந்தால்கூடச் சந்தோஷம்தான் என்ற நிலையில் இருந்தார் அவர். மார்லிஸ் பின்னால் நின்றாள், ஒரே வண்டியில் வந்தவர்கள்.

ஹால்வர்சன் முகத்தில் கோபம் இல்லை.

"என் பொண்டாட்டி பெவ் இருக்காளே, ஏழு வருஷமா என் உயிர எடுத்துட்டா. அந்த மனுஷன் தவறிப்போய்த்தான் ஊதியிருப்பாரு, தப்ப ஒத்துக்கிட்டவரு பொய் சொல்லுவாரா, போய் மன்னிப்புக் கேளுன்னு. எனக்கும் ராத்திரியில உறுத்தும். ஆர்டிஸ் ஊரவிட்டுப் போனதுலேர்ந்து ரொம்பவே. இந்த சீசனோட நான் ஓய்வு. முடிஞ்சதும் உன் கடைக்கு வந்து கேட்டுடலாம்னு இருந்தேன்."

ஓரின் கீழே வைத்த பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"நல்லவேளை, வரல" என்றான் ஹால்வர்சன். "அன்னைக்கே நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன். இனிமே நிம்மதியாத் தூங்குவேன்."

வண்டியின் கூரையை லேசாகத் தட்டிவிட்டு, தோற்றவன் நடை இல்லாமல், பாரம் இறக்கிவைத்தவன் நடையில் போனான்.

ஓரின் வண்டியைக் கிளப்பினார். வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது. அறுவடை முடிந்த சோளக் காடுகள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன.

"அவன் சொல்றதக் கேட்டியா?" என்றார் ஓரின். "வாய்க்கொழுப்பு அடங்குதா பாரு."

"கேட்டேன்."

"உன்னக் காப்பாத்தத்தான் மார்லிஸ் நான்..."

"காப்பாத்தச் சொல்லி நான் கேக்கலையே."

பிறகு அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, ரொம்பவும் மரியாதையாக, அவரைப் புண்படுத்திவிடக் கூடாதே என்ற கவலையோடு கேட்டாள்:

"ஓரின், ஏழு வருஷத்துக்கு முன்னாடி... நீங்க நெஜமாவே தவறிப்போய்த்தான் ஊதினீங்களா?"

"ஆமா" என்றார் ஓரின். "சத்தியமா ஆமா, மார்லிஸ்."

"சரி" என்றாள் அவள்.